கடல் இல்லாத ஊரின் நங்கூரம்

கொழும்பிலிருந்து வந்த பிஸ்கட் டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பிஸ்கட் தீர்ந்த பிறகுதான் அந்த டின்னுக்கு மரியாதையே. சோப்பு, ஏலக்காய், புதுச் சீட்டித்துணி எல்லாம் கலந்த வாசனை வருடக்கணக்கில் அதற்குள் குடியிருக்கும். எங்கள் தொண்டியில் பாதி வீடுகளில் ஆம்பளைகள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது டின் மட்டும்தான்.

அப்படி வந்த ஒரு டின்னில்தான் அந்த மோதிரம் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மச்சான் நாற்பதாம் நாளே கொழும்புக்குக் கிளம்பிவிட்டார். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய டின்னில் பிஸ்கட்டுக்கு அடியில் ஒரு பஞ்சுப் பொட்டலமும் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தன. எங்கள் வீட்டில் கடிதம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"இத்துடன் மோதிரம். போட்டுக்கொள்ளவும். விவரம் நேரில் வந்து சொல்கிறேன்."

அவ்வளவுதான் எழுதியிருந்தார். மச்சான் பேசுவதும் அந்த அளவுதான்.

பஞ்சைப் பிரித்தால் முட்டை வடிவில் ஒரு மோதிரம். சுற்றிலும் தங்கம், நடுவில் வெளிர் தவிட்டு நிறம், அதன்மேல் வெள்ளையாக ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் புடைத்து நின்றது. கொண்டையைத் தூக்கிக் கட்டியிருந்தாள். மூக்கு நெற்றியிலிருந்து நேராக இறங்கியது. கழுத்தில் ஒரு மணிகூட இல்லை. இதற்குக் கேமியோ என்று பெயர் என்பது எனக்குத் தெரிய இன்னும் ஐம்பது வருடம் ஆனது. அன்றைக்கு அது 'மூஞ்சி மோதரம்'தான்.

"தொழும்போது மட்டும் கழட்டி வச்சிரும்மா. உருவம் இருக்குல்ல" என்றாள் அம்மா. அக்காவுக்கு மோதிர விரலில் அது தொளதொளத்தது. நடுவிரலில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ரொட்டிக்கு மாவு பிசையும்போதுதான் கழற்றினாள். எனக்கு அதுபோதும்.

மோதிரத்தின் உள்பக்கம் ஏதோ பொடிப்பொடியாக வெட்டியிருந்தது. கண்ணுக்கு எட்டவில்லை. பிசைந்த மாவில் ஒரு விரலளவு கிள்ளி, உள்வளையத்தில் அழுத்தி எடுத்தேன். மாவில் எல்லாம் இடவலம் மாறிப் பதிந்தது. அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் அந்த மாவைப் பிடித்தேன். முதலில் 15 என்று வந்தது. பக்கத்தில் ஒரு புள்ளியும் 625ம். அப்புறம் வளைத்து எழுதிய ஓர் இங்கிலீஷ் எழுத்து. அப்புறம், சந்தேகமே இல்லாமல், ஒரு நங்கூரம்! தொண்டியில் பிறந்த பிள்ளைக்கு நங்கூரம் தெரியாதா?

நான் கூச்சல் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஓடியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஏனென்றால் வாசலில் பெரியத்தா நின்றிருந்தார்.

பெரியத்தா என் அத்தாவுக்கு, அதாவது தகப்பனாருக்கு, அண்ணன். எனக்கு நாலு வயதிலேயே அத்தா இறந்துவிட்டதால் எங்கள் வீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. பினாங்கில் பதினாறு வருடம் இருந்துவிட்டு வந்தவர். தான் பினாங்கில் பார்த்ததுதான் உலகம் என்பது அவர் கட்சி. தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்களில் கிடையாது. அவர் வாசலில் நிற்பார், அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பாள், இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்பேன். இரண்டு முழ தூரத்தில் இருப்பவளுக்கு, "உங்கம்மாட்ட சொல்லு புள்ள" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்வார். நான் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அம்மாவின் பதிலையும் அப்படியே. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இந்த உத்தியோகம் இருந்தது.

"பெரியத்தா, மச்சான் அனுப்புன மோதரத்துக்குள்ள நங்கூரம் இருக்கு!"

"எங்க, கொண்டா."

வாங்கிப் பார்த்தார். வெயிலில் திருப்பினார். அவர் முகம் மாறியது.

"உங்கம்மாட்ட சொல்லு. வெள்ளைக்காரன் தன் பிரியமான பொம்பள மூஞ்சியத்தான் மோதரத்துல போடுவான். பினாங்குல நான் பாக்காததா? இது போட்டா புடிச்ச மாதிரி ஒருத்தி மூஞ்சி. நம்ம ஆளு கொழும்புல எவளையோ வச்சிருக்கான். நங்கூரம்னா துறைமுகம். துறைமுகத்துக்காரி."

நான் ஒரு சொல் விடாமல் கதவைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு அர்த்தம் முழுதாகப் புரியவில்லை.

"அவ மோதரத்த எம் மகளுக்கு எதுக்கு அனுப்பணும்னு கேளு" என்றாள் அம்மா.

கேட்டேன்.

"அவளுக்குப் புதுசு செஞ்சு குடுத்திருப்பான், பழசு இங்கன வந்துருச்சு. அடிப்பக்கம் எப்படித் தேஞ்சிருக்கு பாரு. இன்னொருத்தி வெரல்ல கெடந்தது இது. இல்லேனா நேர்ல வந்து சொல்றேன்னு எதுக்கு எழுதுறான்? எழுத்துல எழுத முடியாத சங்கதி அது."

மோதிரம் தேய்ந்துதான் இருந்தது. இன்னொருத்தி விரலில் கிடந்தது என்பதும், பின்னால் தெரிந்தது, உண்மைதான். பெரியத்தாவை முட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பினாங்கிலிருந்து எடுத்துப் போட்டு நிரப்பிவிட்டார். எங்கள் ஊரில் அவருக்கு மட்டும் ஏன் இதில் அவ்வளவு நிச்சயம் இருந்தது, பதினாறு வருடம் அவர் பினாங்கில் எப்படி இருந்தார் என்றெல்லாம் இப்போது கேட்கத் தோன்றுகிறது. பதில் சொல்ல ஆளில்லை.

போகும்போது முடிவையும் சொல்லிவிட்டுப் போனார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜமாத்துப் பெரியவர்களிடம் விஷயத்தை வைப்பார். மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டுக் கல்யாணத்தை அத்துவிடச் சொல்வார். அன்றைக்குத் திங்கட்கிழமை. ஜமாத்தில் ஒரு பேச்சு ஏறிவிட்டால் அப்புறம் இறக்க முடியாது. அக்காவுக்குப் பத்தொன்பது வயதுதான்.

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தாள். புதன்கிழமை மத்தியானம் அம்மா தூங்கிய நேரத்தில் பின்கட்டில் கரகரவென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அம்மிக்கல்லில் தண்ணீர் தெளித்து, அந்த மோதிரத்தைக் கவிழ்த்துப் பிடித்து உரசிக்கொண்டிருந்தாள். அந்த மூக்கும் வாயும் அதற்குள் போய்விட்டன.

"அக்கா, என்னக்கா செய்ற?"

"இந்த மூஞ்சி இல்லாம போகட்டும்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அப்போதுதான் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் அம்மியில் விழுந்தது.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், என் மூக்கு வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தது. அம்மியில் வெள்ளைச் சாந்தாக வழிந்ததில் ஒரு வாசனை. பல்லாங்குழிக்குச் சோழியின் முதுகை உரசித் தட்டையாக்குவோமே, நினைவிருக்கிறதா? கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கருகல், பல் கூச வைக்கும் அந்த வாசனை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"அக்கா, இது கல்லு இல்ல. சிப்பி!"

அக்கா கையை நிறுத்தினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மேலே வெள்ளை, அடியில் தவிட்டு நிறம், இரண்டும் ஒரே ஓட்டின் இரண்டு அடுக்கு. யாரோ ஒருவன் மேல் அடுக்கைச் செதுக்கி முகமாக்கி, மற்ற இடமெல்லாம் அடி அடுக்கு தெரிய வழித்திருக்கிறான். நாங்கள் தினமும் காலில் மிதித்து நடக்கும் சாமானைத் தங்கத்துக்கு நடுவில் பதித்திருக்கிறார்கள். "சிப்பியவா தங்கத்துல வைப்பாங்க?" என்றாள் அக்கா. இரண்டு நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

சத்தம் கேட்டு எழுந்து வந்த அம்மா முதலில் மோதிரத்தைப் பிடுங்கினாள். அப்புறம் நான் சொன்னதைக் கேட்டாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தின் வாலைப் பிடித்தால் தலை வரை போகாமல் விடமாட்டாள். அம்மியின் பக்கத்திலேயே உட்கார்ந்து யோசித்தாள்.

"சிப்பின்னா போட்டா இல்ல. ஒருத்தன் செதுக்கியிருக்கான். எப்பச் செதுக்குனான்? மாப்பிள்ள கொழும்புக்கு மொத மொத போயி ஏழு வருசம் ஆகுது. மோதரம் அந்த ஏழு வருசத்துக்குள்ள செஞ்சதுன்னா உங்க பெரியத்தா சொல்றது சரியா இருக்கலாம். அதுக்கு முன்னாடி செஞ்சதுன்னா, இவ அவரு பாத்தவளா இருக்க முடியாது. மோதரத்துக்கு என்ன வயசுன்னு யாருக்குத் தெரியும்?"

தெரிந்தவர் ராமநாதபுரத்தில் ஒருவர் இருந்தார். அக்காவின் கல்யாண நகை செய்த பத்தர். ரங்கூனில் வெள்ளைக்காரர் நகைக்கடையில் வேலை பார்த்து, யுத்தத்தின்போது திரும்பி வந்தவர்.

வியாழக்கிழமை காலை, தர்காவுக்கு நேர்ச்சை என்று பெரியத்தா வீட்டில் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, அம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆம்பளைத் துணையில்லாமல் அவள் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. மோதிரம் என் பாவாடை முடிச்சில் இருந்தது. வழி நெடுக அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். பனைகளையும் உப்பளத்தையும் பார்த்த ஞாபகமே இல்லை.

பத்தர் கடையில் உமி கருகும் வாசனை. அவர் மோதிரத்தை வாங்கியதும், "அடப் பாவமே, யாரு இத இப்படிப் பண்ணுனது?" என்றார். மோதிரம் வந்த கதையையும் மாப்பிள்ளை பேரில் கிளம்பிய சந்தேகத்தையும் அம்மா என்னை விட்டுச் சொல்ல வைத்தாள். கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மோதிரத்தைக் கவிழ்த்தார்.

"மூஞ்சி போனாப் போகுது தாயி. எல்லாரும் மூஞ்சியப் பாப்பாங்க, நாங்க உள்பக்கத்தத்தான் பாப்போம்."

"ஆரு மூஞ்சிங்க அது?" அம்மா கேட்டாள். இந்தத் தடவை நடுவில் நான் இல்லை.

"ஆரு மூஞ்சியும் இல்ல. சீமையில சிப்பியில இப்படிச் செதுக்கியே பொழைக்கிறவங்க இருக்காங்க. கொலுப் பொம்மை செய்றவன் யாரப் பாத்துச் செய்றான்? அவன் பாட்டுக்குக் கொண்டை வைக்கிறான், மூக்கு வைக்கிறான். அந்த மாதிரிதான்."

"அந்த நங்கூரம்?" என்றேன் நான்.

அவர் கண்ணாடியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கண் மட்டும் பெரிதாக இருந்தது. "நீ பாத்தியா அத? எப்படிப் பாத்த?" மாவில் பதித்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என் கண்ணில் வைத்துப் பிடித்தார். அந்தப் பொடி நங்கூரம் ஒரு விரல் நீளத்துக்கு எழுந்து நின்றது.

"தங்கத்தச் சோதிச்சு முத்திரை போடுற ஆபீசு சீமையில பெரிய ஊரு சிலதுல இருக்கு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குறி. நங்கூரம் ஒரு ஊரோட குறி. கப்பலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த ஊருக்குக் கடலே கெடையாது."

"கடல் இல்லாத ஊருக்கு எதுக்கு நங்கூரம்?"

"அதத்தான் நானும் ரங்கூன்ல எங்க துரையக் கேட்டேன். அவருக்கும் தெரியல."

(எனக்கு அது பல வருடம் உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருடம் பேரன் கம்ப்யூட்டரில் தேடிச் சொன்னான். அந்த ஊருக்கு முத்திரை ஆபீசு வேண்டுமென்று கேட்கப் போனவர்கள் கூடிப் பேசிய ஒரு சத்திரத்தின் பெயரில் நங்கூரம் இருந்ததாம். அதுவும் கதைதான் என்கிறார்கள்.)

"பதினஞ்சுங்கிறது தங்கத்தோட காரட்டு. அறுநூத்தி இருபத்தஞ்சும் அதே கணக்குத்தான், ஆயிரத்துக்கு அவ்வளவு தங்கம். இந்தப் பதினஞ்சு காரட்ட சீமையில நிறுத்திக் காலமாச்சு. நான் ரங்கூன்ல இருக்கும்போதே நின்னு போச்சு. அப்ப உங்க மருமகப்புள்ள அரைஞாண் கட்டித் திரிஞ்ச பய."

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது.

"இன்னும் இருக்கு, இருங்க." தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். அதில் அவர் கைப்படவே விதவிதமாக இங்கிலீஷ் எழுத்துகளை வரைந்து வைத்திருந்தார். வருடத்துக்கு ஓர் எழுத்தாம். எழுத்து ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்றுக்கு வடிவத்தை மாற்றுவார்களாம். நானும் அவரும் தலையை முட்டிக்கொண்டு தேடினோம். நான்தான் முதலில் கண்டுபிடித்தேன், அந்த வளைவு என் மாவில் இருந்த அதே வளைவு.

பத்தர் எதிரே எழுதியிருந்த வருடத்தைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"எனக்கு அறுபது நடக்குது தாயி. இந்த மோதரம் எனக்கும் மூத்தது. இவ நெசமாவே ஒருத்தியா இருந்திருந்தாலும் இப்ப எம்பது தாண்டிப் பல்லெல்லாம் விழுந்திருக்கும்."

அம்மா சிரித்தாள். துப்பட்டிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க" என்றாள்.

அவர் எழுதிக்கொடுத்தார்: 'இந்த மோதிரம் அறுபது வருடத்துக்கு முந்தியது. இதில் உள்ள முகம் இப்போது ஜீவித்திருக்கும் எந்தப் பெண்ணுடையதும் அல்ல. தொண்டியிலிருந்து மாப்பிள்ளை பேரில் சந்தேகப்பட்டு வந்து கேட்டதற்கு எழுதிக் கொடுத்தது.' கீழே கையெழுத்து, கடை முத்திரை.

அன்று சாயங்காலம் வாசலில் நின்று அதை நான் பெரியத்தாவுக்கு வாசித்தேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

"அந்த நங்கூரம் எங்கருந்து வந்துச்சாம்?"

"அது ஊர்க்குறி பெரியத்தா. அந்த ஊருக்குக் கடலே இல்லையாம்."

"கடல் இல்லாத ஊர்ல நங்கூரமா? ஏ புள்ள, யாருட்டக் கதை விடுற? உங்கம்மாட்ட சொல்லு, வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழமதான்."

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள், என்னிடம் அல்ல, நேராக அவரிடமே, கணவரின் அண்ணனுக்கு உள்ள முறையைச் சொல்லி. "மச்சான், நீங்களே போயி அந்த ஆளைக் கேட்டுட்டு வாங்க. கேக்காம எம் பொண்ணு வாழ்க்கையில கை வைக்காதீங்க."

பெரியத்தா திகைத்துப்போனார். அம்மாவின் குரல் அவரை நோக்கி வந்தது அவள் கல்யாணமாகி இருபது வருடத்தில் அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவர் ராமநாதபுரம் போனது ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஜும்ஆவுக்குத் திரும்பி வந்துவிட்டார். தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்து போவதை நாங்கள் மூன்று பேரும் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியத்தா யாரிடமும் நின்று பேசவில்லை. நேராக எங்கள் வாசலுக்கு வந்து, ராமநாதபுரம் அல்வாப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அல்வா வாங்கி வந்ததே பெரிய காரியம். அக்கா ஒரு விள்ளல்கூடத் தொடவில்லை, நான்தான் தின்றேன்.

அக்கா அந்தக் காகிதத்தை மடித்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள்.

மச்சான் அடுத்த நோன்புப் பெருநாளுக்கு வந்தார். வந்த அன்றே அக்காவின் விரலைப் பார்த்தார். அவள் மோதிரத்தைக் கழற்றவே இல்லை. மூக்கும் வாயும் இல்லாமல், கொண்டை மட்டும் இருந்த அந்த வெள்ளை வடுவைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு?" என்றார்.

"உருவம் இருந்தா தொழுகைக்கு ஆகாதுன்னாங்க. நாந்தான் ஒரசிட்டேன்" என்றாள் அக்கா. பக்கத்தில் நின்ற என் காலைத் தன் காலால் மிதித்தாள்.

மச்சான் நம்பிவிட்டார். அவர் முகம் மலர்ந்தே போனது. அப்புறம் தயங்கித் தயங்கி விவரத்தைச் சொன்னார். ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமானை ஏலம் விட்டாராம். அதில் எடுத்தது. "யாரோ போட்டுப் பழகினது. புதுப் பொண்ணுக்குப் பழசக் குடுக்குறோமேன்னு எழுதக் கூச்சமா இருந்துச்சு. நேர்ல வந்து சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

பழசு என்பதைச் சொல்லக் கூசித்தான் மறைத்திருக்கிறார். பழசாக இருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் மச்சான் போகிற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். "எம் பொண்டாட்டி தீன்ல, மார்க்கத்துல அவ்வளவு பேணுதலு. தங்க மோதரம்னு கூடப் பாக்கல, தொழுகைக்கு ஆகாதுன்னு மூஞ்சிய ஒரசிப்புட்டா." மாப்பிள்ளை வீட்டில், கொழும்புக் கடையில், பிள்ளைகளிடம், பேரப்பிள்ளைகளிடம். ஒவ்வொரு தடவையும் அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

பத்தர் எழுதிய காகிதம் மட்டும் மச்சான் வந்து போன அந்தத் தடவையே டின்னிலிருந்து காணாமல் போனது. "நீதான் எடுத்து வெளாண்டு தொலைச்சிருப்ப" என்று அக்கா என் முதுகில் இரண்டு வைத்தாள். நான் சத்தியம் செய்தும் எடுபடவில்லை. கறையான் மேலும் கொஞ்ச நாள் பழி போட்டோம்.

மச்சான் நாற்பது வருடத்துக்கு மேல் அவளோடு வாழ்ந்து, போய்ச் சேர்ந்தார். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து, அவர் பெட்டியை ஒழுங்கு செய்ய நான் அக்காவுக்குத் துணைக்கு உட்கார்ந்தேன். அடியில் அவருடைய முதல் பாஸ்போர்ட் இருந்தது. கொழும்புக்குப் போய் வந்த காலத்துப் பாஸ்போர்ட். பிரித்ததும் அதற்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, அடியில் கண்ணாடித்தாள் ஒட்டிப் பத்திரப்படுத்தியிருந்தது.

பத்தரின் கையெழுத்து. 'மாப்பிள்ளை பேரில் சந்தேகப்பட்டு வந்து கேட்டதற்கு எழுதிக் கொடுத்தது.'

அக்காவுக்கு அப்போதும் வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்தேன், ஒன்பது வயதில் வாசித்தது போலவே, ஒரு சொல் விடாமல். வாசித்து முடித்ததும் அவள் வெகுநேரம் அந்த மோதிரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள" என்றாள் கடைசியில். "அத்தன வருசம் நாந்தான் அந்த மனுசன ஏமாத்திக்கிட்டு இருந்தேன்னு நெனச்சேன்."

அப்புறம் காகிதத்தை வாங்கி, மடித்து, பாஸ்போர்ட்டுக்குள் இருந்த இடத்திலேயே வைத்தாள். என் முதுகைத் தடவிக்கொடுத்தாள், அன்றைக்கு அடித்த அதே இடத்தில்.